இத்தாலியில் புதுக் குடித்தனம்: கடை, காசு, சாப்பாடு – கேள்வி பதில்

செப்டம்பர் பிறந்தால் இத்தாலியில் நம் பிள்ளைகளின் முகங்கள் கூடிவிடும். படிக்க வருகிறவர்கள், வேலைக்கு வருகிறவர்கள், கணவனோடு சேர வருகிற பெண்கள் என்று எல்லாரும் முதல் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் காசை இழக்கிறார்கள். அப்படி இழந்து, கடைசியில் வாய்விட்டுக் கேட்டவர்களின் கேள்விகள் இவை.

கேள்வி: அக்கா, அடுத்த மாதம் பொலோன்யாவில் முதுகலை சேரப் போகிறேன். ரூபாயாகவே கொண்டுவந்து விமான நிலையத்தில் மாற்றிக்கொள்ளலாமா? கையில் எவ்வளவு வைத்திருக்க வேண்டும்? – மதுரையிலிருந்து ஒரு மாணவர்

ரூபாயாகக் கொண்டுவராதீர்கள் தம்பி. இங்கே ரூபாய் நோட்டை வாங்குகிற இடமே குறைவு. வாங்குகிறவர்களும் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். ஊரிலேயே, அனுமதி பெற்ற அந்நியச் செலாவணிக் கடையிலோ வங்கியிலோ யூரோவாக மாற்றிக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரைதான் வெளிநாட்டு நோட்டுகளாகக் கொண்டுவரலாம். உங்களுக்கு அவ்வளவும் தேவைப்படாது. முதல் இரண்டு வாரத்துக்கு 300, 400 யூரோ ரொக்கம் போதும். அதிலும் 10, 20, 50 நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். 200 யூரோ நோட்டை நீட்டினால் காய்கறிக் கடைக்காரர் தலையை ஆட்டிவிடுவார். மீதிப் பணம், வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டில் இருக்கட்டும். இந்திய டெபிட் கார்டும் கொண்டுவருவதானால், வெளிநாட்டில் செலவு செய்யும் வசதியைக் கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள்.

விமான நிலையத்திலும் பெரிய ரயில் நிலையங்களிலும் ‘கமிஷன் இல்லை’ என்று பெரிதாக எழுதிய மாற்றுக் கடைகள் உண்டு. கமிஷன் இல்லாமல் இருக்கலாம். லாபத்தை அவர்கள் விலையிலேயே வைத்திருப்பார்கள். டாலரை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் அவர்களுடைய கமிஷன். நோட்டைக் கையைவிட்டுக் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த 100 டாலருக்கு என் கையில் எத்தனை யூரோ வரும்?” அந்த எண்ணைக் கைப்பேசியில் தெரிகிற அன்றைய விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஐந்து நொடியில் விஷயம் விளங்கிவிடும்.

பணம் எடுக்க வங்கிக் கட்டடத்தின் சுவரில் பதித்த இயந்திரத்தையே தேடுங்கள். இதை இங்கே ‘பாங்கோமாத்’ என்பார்கள். தபால் நிலையத்து இயந்திரமும் நல்லதுதான். சுற்றுலாப் பயணிகள் நடமாடும் தெருக்களில் எந்த வங்கியின் பெயரும் இல்லாமல் தனியாக நிற்கிற இயந்திரங்களில் கட்டணம் கூடுதல். எந்த இயந்திரமானாலும் திரையில் ஒரு கேள்வி வரலாம்: ரூபாயில் கணக்கிடட்டுமா, யூரோவில் கணக்கிடட்டுமா? நம் ஊர் ரூபாயைப் பார்த்ததும் மனம் அதில்தான் போகும். யூரோவையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விலையை அந்த இயந்திரக்காரர் வைப்பார். யூரோவை அழுத்தினால் உங்கள் கார்டு நிறுவனம் வைக்கும். கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரலாம், அப்போதும் யூரோதான்.

கடைக்காரர் கார்டு வாங்கித்தான் ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். மறுத்தால் 30 யூரோவும், வாங்கிய தொகையில் 4 சதவீதமும் அபராதம் என்று 2022 ஜூன் 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு காப்பிக்குக்கூடக் கார்டு நீட்டலாம், கூச்சம் வேண்டாம்.

இறங்கிய வாரத்திலேயே ‘கோதிச்சே ஃபிஸ்காலே’ வாங்கிவிடுங்கள். 16 எழுத்தும் எண்ணும் கலந்த வரி எண் அது. வரி அலுவலகத்தில் இலவசமாகத் தருகிறார்கள். சிம் கார்டு, வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை என எதைத் தொட்டாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் பாலாடைக்கட்டி கவுண்டரில் 2.90 என்று பார்த்து வாங்கினேன். பில் போடும்போது கணக்கு உதைத்தது. ஏமாற்றிவிட்டார்களா? – தோரினோவிலிருந்து ஒரு இல்லத்தரசி

ஏமாற்றவில்லை அம்மா. வந்த புதிதில் நானும் இதே 2.90-ல்தான் மாட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக வெட்டி வைத்த கட்டிகள், நடுவில் செருகிய சின்னப் பலகையில் பெரிதாக 2,90. கிலோ விலை என்று நினைத்து அரைக் கிலோ கேட்டேன். ஒட்டிக்கொடுத்த சீட்டில் 14.50 யூரோ. வீட்டுக்கு வந்த பிறகு பக்கத்து வீட்டுப் பாட்டி அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, விரலால் காற்றில் ஒரு சின்னக் கட்டி வரைந்து, “எத்தோ, எத்தோ” என்றார். எத்தோ என்றால் 100 கிராம். இத்தாலியர்கள் பாலாடைக்கட்டி, பதப்படுத்திய இறைச்சி, ஆலிவ், கடைகளில் சமைத்து வைத்த பண்டம் எல்லாவற்றையும் எத்தோவில்தான் கேட்பார்கள், எத்தோவில்தான் விலை போடுவார்கள். பலகையின் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘அல்லெத்தோ’ என்றிருந்தால் 100 கிராம் விலை, ‘அல் கீலோ’ என்றிருந்தால் கிலோ விலை. இங்கே காசுக்குக் காற்புள்ளியும் ஆயிரத்துக்குப் புள்ளியும் போடுவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். வேண்டியதைச் சொல்லி முடித்ததும் கடைக்காரர் “ஆல்த்ரோ?” என்பார், வேறு ஏதாவது வேண்டுமா என்று. “பாஸ்தா கொஸீ” என்றால் இவ்வளவு போதும் என்று அர்த்தம்.

காய்கறிப் பகுதியில் பிளாஸ்டிக் கையுறை தொங்கும். அதை மாட்டிக்கொண்டுதான் எடுக்க வேண்டும். நம் ஊரில் கத்தரிக்காயை அழுத்திப் பார்க்கிற மாதிரி வெறுங்கையால் அழுத்தினால் பக்கத்தில் நிற்பவர் முகம் சுளிப்பார். எடுத்ததை நீங்களே தராசில் வைத்து, கூடையில் எழுதியிருக்கும் எண்ணை அழுத்தி, வருகிற சீட்டைப் பையில் ஒட்டிக்கொண்டு போக வேண்டும். மறந்தால் வரிசையை விட்டுத் திரும்பி ஓட வேண்டியிருக்கும். அந்த மெல்லிய மக்கும் பைக்கும் ஓரிரு சென்ட் பில்லில் ஏறும், 2018 முதல் அப்படித்தான். ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தத் தொகையை ஐந்து சென்ட்டுக்கு முழுமையாக்குவார்கள். அதுவும் விதிதான், சண்டை போட வேண்டாம்.

தெருச் சந்தையில் வேறு முறை. அங்கே தொடவே கூடாது, கடைக்காரர்தான் எடுத்துத் தருவார். வரிசையும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உண்டு. போனதும் “கீ எ லூல்த்திமோ?” என்று கேளுங்கள், கடைசியாக வந்தவர் யார் என்று. ஒருவர் கை தூக்குவார். அவருக்கு அடுத்தது நீங்கள். மருந்துக் கடையிலும் தபால் நிலையத்திலும்கூட இந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும். சந்தை மூடுகிற நேரத்துக்கு, மதியம் ஒரு மணியையொட்டிப் போனால் விலை இறங்கும். உங்கள் ஊர் போர்த்தா பலாத்ஸோ சந்தை ஐரோப்பாவின் பெரிய திறந்தவெளிச் சந்தைகளில் ஒன்று. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டில் தக்காளி வாங்காதீர்கள்.

கேள்வி: ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தார்கள். ரோமில் நாலு பேர் சாப்பிட்டோம். மெனுவைப் பார்த்து 52 யூரோ என்று கணக்குப் போட்டேன், வந்தது 73.70. கேட்கக் கூச்சமாக இருந்தது, கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். – மிலானோவிலிருந்து ஒரு மென்பொருள் பொறியாளர்

நீங்கள் அனுப்பிய பில்லைப் பார்த்தேன். ரொட்டி நாலு பேருக்கு 8, தண்ணீர் இரண்டு பாட்டில் 7, சேர்த்து 67. அதன்மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம் 6.70. கூட்டல் சரிதான். அது நியாயமா என்பதுதான் கேள்வி.

‘கொப்பெர்த்தோ’ என்று தலைக்கு ஒன்று முதல் மூன்று யூரோ வரை வாங்குவது இத்தாலி முழுக்க வழக்கம். மேசை விரிப்புக்கும் கரண்டிக்கும் ரொட்டிக்குமான காசு என்று சொல்வார்கள். மெனுவில் எழுதியிருந்தால் அதைக் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் ரோம் அடங்கிய லாத்ஸியோ மாநிலத்தில் 2006-லேயே கொப்பெர்த்தோவைச் சட்டம் போட்டு நீக்கிவிட்டார்கள். அதனால் அங்கே பல இடங்களில் ‘பானே’, அதாவது ரொட்டி, என்ற பெயரில் பில்லில் வருகிறது. ரொட்டி உண்மையிலேயே ஒரு பண்டம் என்பதால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கூடையை மேசையில் வைக்கும்போதே “பானே நோ, கிராட்ஸியே” என்று சொல்லிவிடுங்கள். ஒரு துண்டு எடுத்த பிறகு சொல்லிப் பயனில்லை. ‘செர்வீட்ஸியோ’ என்ற சேவைக் கட்டணமும் மெனுவில் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் பில்லில் மட்டும் வந்தால் மெனுவைத் திரும்பக் கேட்டு, எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், எழுந்து நிற்கவும் வேண்டாம். மெனுவைக் கேட்டாலே பெரும்பாலும் அந்த வரி அடிக்கப்பட்டுவிடும். கேட்பது அநாகரிகம் இல்லை. இத்தாலியர்கள் தினமும் கேட்கிறார்கள். டிப்ஸ் தனியாகக் கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

அப்பா அம்மாவோடு போகும்போது இன்னொன்றிலும் கவனம் வேண்டும். மெனுவில் மீனுக்கு நேரே 6 யூரோ என்று இருக்கும், பக்கத்தில் அதே ‘அல்லெத்தோ’. பரிமாறுகிறவர் முழு மீனைத் தட்டில் கொண்டுவந்து காட்டிவிட்டு உள்ளே போவார். 700 கிராம் மீன் என்றால் 42 யூரோ. காட்டும்போதே எடை எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். ஃபிரென்ஸே, அதாவது ஃப்ளாரன்ஸ் நகரத்தின் பெரிய மாட்டிறைச்சித் துண்டுக்கும் இப்படித்தான் எடைக்கு விலை.

காப்பிக் கடையிலும் இரண்டு விலை. இங்கே அதற்குப் பெயர் ‘பார்’, மதுக்கடை என்று பயப்பட வேண்டாம். நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் இன்னொரு விலை. சுவரில் மாட்டிய விலைப்பட்டியலில் ‘அல் பாங்கோ’, ‘அல் தாவோலோ’ என்று இரண்டு வரிசை இருக்கும். வெனிஸின் சான் மார்க்கோ சதுக்கத்தில் வாத்தியம் வாசிக்கிற காப்பிக் கடைகளில் இசைக்கும் தனிக் கட்டணம் உண்டு. கால் வலிக்கிறது என்று அம்மா உட்காரும் முன் பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். தண்ணீருக்குப் பாட்டில் வாங்கிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். ரோம் தெருக்களில் ‘நசோனே’ என்ற இரும்புக் குழாய்களில் நாள் முழுக்கக் குடிநீர் ஓடுகிறது.

கேள்வி: நாங்கள் சைவம். ‘சென்ஸா கார்னே’, இறைச்சி வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியும் பாஸ்தாவில் டூனா மீனைப் போட்டுக் கொண்டுவந்தார்கள். என்னதான் சொல்வது? – பாதோவாவிலிருந்து ஒரு தம்பதி

இந்தக் கேள்வியைப் படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உங்களைப் புண்படுத்த அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ‘கார்னே’ என்றால் இங்கே பலர் மனதில் மாட்டுக்கறித் துண்டு, பன்றிக்கறித் துண்டுதான். மீனும், மெல்லிசாகச் சீவிய ‘பிரஷூத்தோ’வும் அந்தச் சொல்லுக்குள் வருவதே இல்லை. அதனால் மறுப்பதை மட்டும் சொல்லாமல், நீங்கள் யார் என்பதைச் சொல்லுங்கள். ஆண் என்றால் “சோனோ வெஜெத்தாரியானோ”, பெண் என்றால் “வெஜெத்தாரியானா”. அதோடு நிறுத்தாமல் “நே கார்னே, நே பெஷ்ஷே, நே பிரஷூத்தோ, நே ப்ரோதோ தி கார்னே” என்று சேர்த்துச் சொல்லுங்கள். கறியும் இல்லை, மீனும் இல்லை, பன்றித் தொடையும் இல்லை, கறி வேகவைத்த சாறும் இல்லை. அந்தக் கடைசிச் சொல் முக்கியம். ரிஸோத்தோ சோற்றைப் பல இடங்களில் கறிச்சாறு ஊற்றித்தான் கிளறுகிறார்கள். காய்கறி சூப் என்று நம்பிக் கேட்கிற மினெஸ்த்ரோனேயிலும் பன்றிக் கொழுப்பை வதக்கிப் போடும் வழக்கம் உண்டு.

கடையில் வாங்கும்போது ‘ஸ்த்ருத்தோ’ என்ற சொல்லைப் படிக்கப் பழகுங்கள். பன்றிக் கொழுப்பு அது. எமிலியா-ரொமான்யா பகுதியின் பியதீனா நம் சப்பாத்தி போலவே இருக்கும். பழைய முறையில் மாவில் ஸ்த்ருத்தோ சேர்ப்பார்கள். எண்ணெயில் செய்ததும் விற்கிறது, பொட்டலத்தின் பின்பக்கம் பார்த்து எடுங்கள். சிச்சிலியின் கன்னோலி இனிப்பின் மொறுமொறு ஓட்டிலும் அது இருக்கும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கிரானா பதானோ என்ற பாலாடைக்கட்டிகள் கன்றுக்குட்டியின் வயிற்றுச் சுரப்பைக் கொண்டு பாலைத் திரித்துச் செய்பவை. அது ‘கால்யோ’ என்று பெயர் பெறும். உங்களுக்கு அது ஆகாது என்றால், ‘கால்யோ வெஜெத்தாலே’ அல்லது ‘மிக்ரோபிக்கோ’ என்று எழுதிய பாலாடைக்கட்டியை வாங்குங்கள். ஓட்டலில் “சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ”, பாலாடைக்கட்டி இல்லாமல், என்று சொல்லலாம்.

கவலையில்லாமல் கேட்கக்கூடியவையும் இருக்கின்றன. பீட்சா மரினாரா: தக்காளி, பூண்டு, ஓரிகனோ, எண்ணெய், அவ்வளவுதான். பூண்டும் மிளகாய் வற்றலும் ஆலிவ் எண்ணெயில் தாளித்த ஸ்பகெத்தி. லிகூரியா பக்கம் போனால் ‘ஃபரினாத்தா’, கடலை மாவில் சுட்ட தோசை போன்றது. முட்டையோ பாலோ மீனோ இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஒவ்வாமைப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். ஐரோப்பிய விதிப்படி 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றி வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் அதில் அடக்கம். இறைச்சி அந்தப் பட்டியலில் இல்லை, அதை வாயால்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: அக்கா, நான் பலெர்மோவுக்கு வந்து மூன்று மாதம். வேலை செய்யிற உணவகத்தில சம்பளம் வங்கிக் கணக்கிலதான் போடுவம் எண்டு சொல்லுகினம். என்னட்டக் கணக்கு இல்லை. யாழ்ப்பாணத்துக்கும் காசு அனுப்ப வேணும். – ஒரு தம்பி

முதலாளி சொல்வது சரி தம்பி. வீட்டு வேலை தவிர்ந்த வேலைகளுக்குச் சம்பளத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுக்கக்கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் சட்டம். அது உங்களுக்கும் நல்லது, பிற்காலத்தில் சம்பளம் வாங்கியதற்கு அதுதான் சாட்சி. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் யாருக்கும் ‘கோந்தோ தி பாஸே’ என்ற அடிப்படைக் கணக்கு உண்டு. அடைக்கலம் கேட்டு வந்தவர்களுக்கும் உண்டு. வங்கியிலும் தபால் நிலையத்திலும் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். குடும்ப வருமானச் சான்றான ‘ஈஸே’ 11,600 யூரோவுக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கணக்குக்குக் கட்டணமே இல்லை. அவசரத்துக்கு, ஐபேன் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண் உள்ள, முன்கூட்டியே பணம் ஏற்றிப் பயன்படுத்தும் தபால் நிலையக் கார்டும் போதும், சம்பளம் அதில் விழும்.

ஊருக்கு அனுப்பும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். “100 யூரோ தந்தால் அங்கே அம்மாவின் கையில் எத்தனை ரூபாய்?” என்று இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். கட்டணம் குறைந்த கடைதான் சில நேரம் கடைசியில் குறைந்த ரூபாய் கொடுக்கும். பணம் அனுப்பும் கடையில் ரொக்கமாகக் கட்டினால் 1,000 யூரோவுக்குள்தான் அனுப்பலாம். உண்டியலில், அதாவது வங்கி வழி போகாமல் ஆள் மூலம் காசு அனுப்புகிறவர்களிடம் கொடுக்காதீர்கள். காசு போய்ச் சேராவிட்டால் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட உங்கள் கையில் இராது. நீங்கள் சாமத்திலும் நின்று பாத்திரம் கழுவிச் சேர்த்த காசு அது.

கேள்வி: 480 யூரோவுக்கு வாங்கிய கைப்பேசி எட்டாவது மாதம் நின்றுவிட்டது. கடையில் “கம்பெனியிடம் போங்கள்” என்கிறார்கள். – பீசாவிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி

போகாதீர்கள். புதுப் பொருளுக்கு இரண்டு ஆண்டு சட்டப் பொறுப்பு விற்ற கடைக்குத்தான். 2005-இல் வந்த நுகர்வோர் சட்டத் தொகுப்பு அப்படித்தான் சொல்கிறது. முதல் ஓராண்டுக்குள் தெரிய வரும் குறை, வாங்கும்போதே இருந்தது என்றே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. பணம் வாங்காமல் பழுது பார்த்துத் தர வேண்டும், அல்லது மாற்றித் தர வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். கடையில் “கரன்ஸீயா லெகாலே”, சட்டப்படியான உத்தரவாதம், என்ற சொல்லைச் சொல்லுங்கள். மசியவில்லை என்றால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் அதிகோன்சும், ஃபெதெர்கோன்சுமத்தோரி போன்ற நுகர்வோர் சங்கங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன, அங்கே போங்கள்.

பில் எங்கே? ‘ஸ்கொன்ட்ரினோ’ என்ற அந்த ரசீது வெப்பத்தாளில் அச்சாவதால் ஆறே மாதத்தில் வெளுத்துப்போகும். வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். தொலைந்திருந்தால் கார்டில் கட்டிய வங்கிக் கணக்குப் பதிவும் சாட்சிதான். பிடிக்கவில்லை என்பதற்காகக் கடையில் வாங்கியதைத் திருப்பித் தரும் உரிமை மட்டும் சட்டத்தில் இல்லை, அது கடைக்காரர் மனசு. இணையத்தில் வாங்கினால் 14 நாள் உண்டு.

கேள்வி: கழுத்தில் அட்டை மாட்டிய இருவர் வந்து மின்கட்டண பில்லைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். இப்போது வேறு நிறுவனத்திலிருந்து கடிதம் வருகிறது. – ப்ரெஷாவிலிருந்து ஒரு வாசகி

பில்லில் ‘பி.ஓ.டி.’ என்று ஒரு எண் இருக்கும். அதுதான் உங்கள் மின் இணைப்பின் அடையாளம். அதையும் உங்கள் வரி எண்ணையும் வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தை மாற்றிவிட முடியும். அவர்கள் குறித்துக்கொண்டது அதைத்தான். நீங்கள் அழைக்காமல் வீட்டுக்கு வந்து செய்த ஒப்பந்தத்தை 30 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். தொலைபேசியில் செய்ததென்றால் 14 நாள். இன்றே பதிவுத் தபாலில் எழுதி அனுப்புங்கள், நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். இனி யார் வந்தாலும் பில்லை வெளியே எடுக்காதீர்கள். உண்மையிலேயே மாற்ற நினைத்தால் ஆற்றல் ஒழுங்குமுறை ஆணையமான ‘அரேரா’வின் ஒப்பீட்டுத் தளத்தில் எல்லா நிறுவனங்களின் விலையையும் நீங்களே பார்க்கலாம்.

கேள்வி: அம்மா ஊருக்குத் திரும்பும்போது, இங்கே வாங்கிய பொருட்களுக்குக் கட்டிய வரி திரும்பக் கிடைக்குமா? – வெரோனா

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கிற அம்மாவுக்குக் கிடைக்கும், இங்கே தங்கியிருக்கும் உங்களுக்குக் கிடைக்காது. ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கி, அம்மாவின் கடவுச்சீட்டைக் காட்டி, பணம் கட்டும்போதே படிவம் கேளுங்கள். விமான நிலையச் சுங்கத்தில் அதைப் பதிந்த பிறகே பெட்டியை உள்ளே அனுப்ப வேண்டும். தெருவில் துணி விரித்து விற்கிற ‘பெரிய கம்பெனி’ கைப்பைகளை அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். போலிப் பொருள் வாங்கியவருக்கே 7,000 யூரோ வரை அபராதம் போட முடியும்.

கேள்வி: இட்லி, உப்புமா, பஜ்ஜிக்கு என்ன வாங்க வேண்டும்? – பலரும்

சூப்பர் மார்க்கெட்டில் ‘ரீசோ பார்பாய்ல்ட்’ என்று இருப்பது நம் புழுங்கல் அரிசிதான். உளுந்துக்கு மட்டும் நம் நாட்டுக் கடைக்குப் போக வேண்டும். ரோமில் எஸ்குயிலீனோ சந்தை, மிலானோவில் வியா பாதோவா, பலெர்மோவில் பல்லரோ பக்கம் தேடுங்கள். குளிர்காலத்தில் மாவு புளிக்காது. ‘ஓவன்’ அடுப்பை மூட்டாமல் அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு இரவு முழுக்க மாவை உள்ளே வையுங்கள். உப்புமாவுக்கு ‘செமோலீனோ’ என்று கேளுங்கள். ‘செமோலா ரிமச்சினாத்தா’ பொடி மாவு, கிண்டினால் களியாகிவிடும். ‘ஃபரீனா தி சேச்சி’ கடலை மாவு. பலெர்மோக்காரர்கள் அதே மாவைக் கிளறி, வில்லை போட்டு, எண்ணெயில் பொரித்து ‘பனெல்லே’ என்று ரொட்டிக்குள் வைத்துத் தெருவில் விற்கிறார்கள். முதல் கடியில் ஊர் ஞாபகம் வந்துவிடும். பச்சை மிளகாய் என்று நினைத்து எல்லாரும் எடுக்கிற நீளமான பச்சைக் காய் ‘ஃப்ரிஜ்ஜிதெல்லி’. துளி காரம் இருக்காது. அதை நீளவாக்கில் கீறி, கடலை மாவில் தோய்த்துப் போடுங்கள். மிளகாய் பஜ்ஜிக்கு அதைவிட நல்ல காய் இந்த நாட்டில் நான் பார்க்கவில்லை.